பீரோவில் பூட்டிய பிரான்ஸ்

ஜக்கரியா பிரான்ஸுக்குப் போகப்போகிற சேதியைத் தேங்காப்பட்டணத்தில் பரப்ப வேறு ஆளே தேவைப்படவில்லை. பள்ளிவாசல் வாசலிலும் முடிவெட்டும் கடையிலும் மீன் ஏலம் போடும் இடத்திலும் அவனே நின்று சொன்னான். "இருபத்தொரு நாளு. மூவாயிரத்தி நானூறு கிலோமீட்டரு. ஸ்டியரிங் என் கையில, கேட்டியளா?"

இருபது வருடம் தம்மாமில் விளக்குக் கடை நடத்திவிட்டு, தொந்தியும் சர்க்கரையுமாக ஊர் திரும்பியவன். அங்கே கூட இருந்த ஒருவன் போன வருடம் பிரான்ஸ் முழுக்கக் காரில் சுற்றி, தினமும் படம் படமாக ஸ்டேட்டஸ் வைத்துத் தொலைத்தான். அன்றிலிருந்து ஜக்கரியாவுக்கு உறக்கம் இல்லை. மகள் ஹிபாவுக்கு பிளஸ் டூ பரீட்சை முடிந்தபின் மே மாதம் என்று நாளும் குறித்தாகிவிட்டது.

வழி போட்டுக் கொடுக்க ஆளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. சொந்தத் தங்கச்சி தஸ்ரின் வீட்டிலேயே இருந்தாள். குழித்துறைப் பாலத்துக்குப் பக்கத்தில் சுயம்புராஜ் என்பவர் வைத்திருந்த டிராவல்ஸில் ஆறு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. பிரான்ஸில் எந்தச் சாலையில் சுங்கம் கேட்பான், எந்த ஊரில் திங்கட்கிழமை கடை பூட்டியிருக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் சோறு கேட்டால் எப்படி முறைப்பான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் போட்டுக் கொடுத்த வழியில் நூறு குடும்பமாவது போய் வந்திருக்கும். அவள் மட்டும் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வாசல்வரைதான் போயிருக்கிறாள், அதுவும் ஆள் ஏற்றிவிட.

சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து அவள் சொல்லச் சொல்ல, ஜக்கரியா சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ரம்லத் மைனி சமையலறை வாசலில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"மே எட்டாம் தேதி அங்க லீவு காக்கா. ஏழாம் தேதியே சாமான் வாங்கி வச்சிரணும். முதல்ல லியோன்ல இறங்குதிய. மறுநாள் ஒபனா."

"அது என்ன ஊரு? அங்க டவரு இருக்கா?"

"இல்ல. மலைமேல ஒரு சின்ன ஊரு."

"டவரு இல்லாத ஊருக்கு நான் என்னத்துக்குப் போறேன்? மலைமேல ஏறி தெங்கு பாக்கவா?" என்று ஒபனாவைச் சிவப்பு மையால் அடித்தான் ஜக்கரியா. அடித்துவிட்டுத் தாராளமாகச் சிரித்தான். "நீயும் வாட்டி. அங்க அவனுவ பேசுதத சொல்லித்தர ஒரு ஆளு வேணும்லா. பின் சீட்டுல ஹிபாகூட இரி. அன்னைக்கு நீ போகாத பிரான்ஸ இன்னைக்கு காக்கா காட்டித் தாரேன், போதுமா?"

போகாத பிரான்ஸாம். தஸ்ரின் வரைபடத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவள் போகாமல் இருக்கவில்லை. போகவிடவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நாகர்கோவில் கல்லூரியில் பிரெஞ்சு படித்து முதலாவதாக வந்தவள் அவள். ஒபனாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு மாதம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குக் கடிதம் வந்தது. விசாவுக்குப் போக பாஸ்போர்ட்டைக் கேட்டாள். அந்த வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் மூத்த ஆண்பிள்ளையின் பீரோவில்தான் இருக்கும். வாப்பா காலத்து வழக்கம். விடுமுறைக்கு வந்திருந்த ஜக்கரியா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"காணல மக்கா. நல்லா தேடிப் பாரு. வீட்டுக்குள்ளதான் எங்கயாச்சும் கெடக்கும்."

மூன்று வாரம் தேடினாள். அரிசிப் பானைக்குள்ளும் கோழிக்கூட்டுக்குள்ளும்கூடக் கைவிட்டுப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து ஜக்கரியாவும் தேடினான். டார்ச் அடித்துக் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினான், அந்தப் படுபாவி. நாள் தப்பியது, வேலை வேறு யாருக்கோ போனது.

நாலு வருடம் கழித்து உம்மா மௌத்தான அன்று, வெள்ளைத்துணி எடுக்க பீரோவைத் திறந்தபோது அவள் கையில் அது அகப்பட்டது. உள் லாக்கரில் விரித்திருந்த பழைய நாளிதழ்த் தாளுக்கு அடியில், சுருக்கம்கூட விழாமல் கிடந்தது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் தம்மாமுக்கு போன் போட்டு, பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "அதுவா? எல்லாம் உன் நல்லதுக்குத்தான மக்கா. இப்ப எதுக்கு அதப் போட்டு கிளறுதே?"

எங்கே கிடைத்தது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் அவள் மறக்கவில்லை. அவன் கொண்டுவந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஒருவர் விடாமல் வேண்டாம் என்றதும் அந்தச் சிரிப்புக்காகத்தான்.

சிவப்புப் பேனா ஒபனாவை அடித்த அன்றே அவள் முடிவெடுத்துவிட்டாள். அவள் போவாள். அவன் போகக்கூடாது.

கார் விஷயத்தில் ஜக்கரியாவே அவளுக்கு வழிவிட்டான். அவனுடைய இந்திய லைசென்ஸ் தம்மாமில் இருந்தபோதே காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றதும் துள்ளினான். "எனக்கா டெஸ்ட்டு? இருவது வருசம் சவூதியில ஓட்டுனவன்ட்டயா?" ரம்லத் அப்படியில்லை. அவனோடு தம்மாமில் இருந்தபோது, சவூதியில் பெண்களை ஓட்டவிட்ட வருடமே கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்ததும் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போட்டு ஒழுங்காக லைசென்ஸ் எடுத்திருந்தாள். எடுத்ததோடு சரி. ஊரில் ஒருநாளும் அவன் சாவியைக் கொடுத்ததில்லை.

"அப்போ வாடகை வண்டிய மைனி பேருல எடுக்கட்டா?" என்று தஸ்ரின் அப்பாவியாகக் கேட்டாள். "ஓட்டுறவங்க பேருலதான் கிரெடிட் கார்டும் இருக்கணுமாம்."

"எடு. கார்டும் அவ பேருல வாங்கித் தாரேன். பேருதான அவ பேரு. அங்க போய் ஓட்டப்போறது நானுல்லா."

ரம்லத் அடுத்த நாள் தஸ்ரினின் அறைக்கு வந்து, அங்கே வலப்பக்கம்தானே ஓட்ட வேண்டும், வலப்பக்கத்துச் சந்திலிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்கிறார்களே அது எப்படி என்று கேட்டாள். தஸ்ரின் காகிதத்தில் வரைந்து காட்டினாள். அதன்பிறகு தினமும் வந்தாள்.

கொச்சியில் கைரேகை வைத்து, நாலு பேருக்கும் விசா ஒட்டி வந்தது. ஜக்கரியா நாலு பாஸ்போர்ட்டையும் பழையபடி பீரோவில் பூட்டிச் சாவியை அரைஞாணில் மாட்டிக்கொண்டான். தஸ்ரின் காத்திருந்தாள்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தீர்ந்துபோன பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போட மாட்டார்கள். மூலை வெட்டிய பழசு, அதற்கு முந்தைய பழசு எல்லாவற்றையும் ரப்பர் பேண்ட் போட்டு, பட்டம் வாங்கின சான்றிதழ் மாதிரி வைத்திருப்பார்கள். ஜக்கரியாவிடம் இரண்டு பழசு இருந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம், வழியனுப்ப வந்த கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பெருமை பேசிக்கொண்டிருந்தவன், சாவியை அவிழ்த்து அவளிடம் நீட்டினான்.

"ஏட்டி, நாலையும் எடுத்து நான் வாங்கி வச்ச தங்க எழுத்துக் கவர்ல போடு. என் பழசையும் சேத்து எடு. பிரான்ஸ்காரன் எத்தனை விசா அடிச்சிருக்குன்னு பாக்கட்டும். மரியாத தருவான்."

அவள் பீரோவைத் திறந்தாள். இது தப்பு என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்க எழுத்துக் கவரில் ஜக்கரியாவின் முந்தைய பாஸ்போர்ட்டைச் செருகினாள். வெட்டின மூலை கவருக்குள் மறைந்தது. விசா ஒட்டிய புதுசை உள் லாக்கர்த் தாளுக்கு அடியில், தன்னுடையது நாலு வருடம் கிடந்த அதே இடத்தில் தள்ளிவிட்டுத் தாளை நீவிவிட்டாள். பூட்டிச் சாவியைக் கொண்டுபோய் மரியாதையாக அவனிடமே கொடுத்தாள்.

மறுநாள் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு தெருவே வந்து வழியனுப்பியது. விமான நிலைய வாசலில் நின்ற காவலர் பெயரையும் படத்தையும் பார்த்து உள்ளே விட்டுவிட்டார். உள்ளே கவுண்டரில் இருந்த பெண் மூன்று பாஸ்போர்ட்டை முடித்துவிட்டு நாலாவதைக் கவரிலிருந்து உருவினாள்.

"சார், இது கேன்சல் ஆனது."

ஜக்கரியா பையைக் கவிழ்த்துத் தேடினான். இன்னும் பழையது ஒன்று கிடந்தது. புதுசு இல்லை. வியர்த்து வழிய தஸ்ரின் பக்கம் திரும்பினான். "நீதானட்டி எடுத்து வச்சே? புதுசு எங்க?"

இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் எட்டு வருடம் காத்திருந்தாள். அவன் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். "காணல காக்கா. நல்லா தேடிப் பாருங்க. வீட்டுக்குள்ளதான் எங்கயாச்சும் கெடக்கும்."

இப்போது அவன் முகம் மாறும் என்று பார்த்தாள். மாறவில்லை. அவன் பாட்டுக்குக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சரி, எல்லாரும் திரும்புங்க. பொறவு போகலாம்" என்று பெட்டியை இழுத்தான். ஹிபா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தஸ்ரின் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மைனி திரும்பினால் காரும் இல்லை, துணையும் இல்லை. இருந்தாலும் பஸ் பிடித்தாவது ஒபனாவுக்குத் தனியாகப் போயே தீருவது என்று தன் பாஸ்போர்ட்டை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

ரம்லத் பெட்டியைப் புருஷன் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"வண்டி என் பேருல இருக்கு. கார்டு என் பேருல இருக்கு. கட்டுன பணம் திரும்பக் கிடைக்காதுன்னு நீங்கதான சொன்னிய. நீங்க வீட்டுல போய் தேடி எடுத்துட்டு அடுத்த பிளைட்டுல வாருங்க. நாங்க அதுவரைக்கும் ஓட்டிட்டு இருக்கோம்."

ஓட்டிட்டு இருக்கோம் என்று சொன்னபோது அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவே திரண்டு வழியனுப்பிய மனிதன், ஒரு பெட்டியோடு வாடகைக் காரில் தனியாக ஊர் திரும்பினான்.

லியோனில் இறங்கிய மறுநாள் காலை, சாம்பல் நிறக் காரை ரம்லத் நெடுஞ்சாலையில் நூறில் ஓட்டினாள். ஹிபா முன் சீட்டில் இருந்து பாட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். தஸ்ரின் பின் சீட்டில், வலப்பக்கம் ஓடிய ரோன் நதியைப் பார்த்தபடி இருந்தாள். போனில் முப்பத்தொரு தவறிய அழைப்புகள். ஒரு படமும் வந்திருந்தது. பீரோ திறந்து கிடந்தது. சேலைகள் தரையில், அரிசிப் பானை கவிழ்ந்து, கட்டில் புரட்டிப் போட்டு வீடே கலைந்து கிடந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உள் லாக்கர் காலியாக இருந்தது. அதில் விரித்த தாள் மட்டும் விரித்தபடியே இருந்தது.

அவளுக்கு மனசு ஒரு கணம் இளகியதும் உண்மைதான். போதும், ஒருநாள் தேடிவிட்டான், சொல்லிவிடலாம் என்று நினைத்து எழுதினாள்: "அன்னைக்கு என் பாஸ்போர்ட்ட நீங்க ஒளிச்சு வச்ச இடத்துலதான் இருக்கு காக்கா."

பதில் உடனே வந்தது. "உன் பாஸ்போர்ட்டா? அத நான் எதுக்கு ஒளிக்கேன்? எப்ப? வெளயாடாம சொல்லு மக்கா."

அவள் இரண்டு தடவை படித்தாள். அவன் நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. எந்த இடம் என்பது மட்டுமல்ல, செய்ததே ஞாபகம் இல்லை. அவள் பன்னிரண்டு வருடம் சுமந்ததை அவன் அன்று போனில் சிரித்த சிரிப்போடு இறக்கிப் போட்டிருந்தான்.

"யாருட்டி, காக்காவா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள் ரம்லத். "கெடச்சுதா?"

"இல்ல மைனி. வச்ச இடம் மறந்து போச்சாம். தேடுதாவ."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். சாலையோரத்தில் ஒபனா என்று எழுதிய பலகை வந்தது. அதற்கு அப்பால் ஒரு ரவுண்டானா.

"எந்தப் பக்கம்?" என்றாள் ரம்லத்.

"நேரா போங்க மைனி" என்றாள் தஸ்ரின். "நமக்கு ஒரு அவசரமும் இல்ல."