நூற்று அறுபது டிகிரியில் சின்ன உருளைக்கிழங்கு

1.

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஆறு உருளைக்கிழங்கு தின்றேன். அதனால் ஒருவருக்கு வேலை போய்விட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. துணிகூடத் துவைக்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திருமுருகன்பூண்டி பக்கம் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் பேக்கிங் சூப்பர்வைசர் நான். பத்திரிகைகளில் கதையும் எழுதுவேன். [இதைக் கொஞ்சம் அடக்கி எழுத வேண்டும். வந்ததே மூன்று கதைதான்.]

2.

முதல் தொடக்கம்: "அடுப்பில்லாத ஊரில் ஒரு கிழங்கு"

சகிக்கவில்லை. திருப்பூரில் அடுப்புக்கு என்ன குறை?

இரண்டாவது தொடக்கம்: ஷமீமா டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

இது போதும். ஷமீமா எங்கள் யூனிட்டில் செக்கிங் பார்ப்பவள். அவள் மகள் மஹ்னூர் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய கிழங்கு. தோலோடு முக்கால் வேக்காடு வேகவைத்து, டம்ளர் அடியால் லேசாக அமுக்கி, எண்ணெய், உப்பு, மிளகு, ஏதோ ஒரு வாசனை இலை, பூண்டு எல்லாம் சேர்த்து ஓவனில் சுட வேண்டும். அந்த இலை கடையில் கிடைக்கவில்லை. ஷமீமா தொட்டியில் இருந்த கற்பூரவல்லியைப் பறித்து நறுக்கிப் போட்டுவிட்டாள். பூண்டு மட்டும் நயம் மலைப்பூண்டு.

"தோசைக்கல்லுல போட்டுப் பாத்தேனுங்க்கா, வதவதன்னு கெடக்குது. ஓவன்தான் வேணுமாமா. எங்க ஊட்ல ஏதுங்க ஓவன்? புள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுக் காலேஜுக்குப் போயிட்டா."

"இங்கதான் இருக்குதே ஓவன்" என்றார் ஒருவர்.

(யார் என்பது கதைக்கு முக்கியமில்லை.)

3.

எங்கள் க்யூரிங் மெஷினைப் பார்த்திராதவர்களுக்காக: குழந்தைச் சட்டையில் பொம்மை அச்சடித்தால் மை காய வேண்டும். ஒரு பக்கம் சட்டையை வைத்தால் பெல்ட் அதை நூற்று அறுபது டிகிரி சூட்டுக்குள் இழுத்துப் போய் மறுபக்கம் விடும். சாப்பாட்டு நேரத்தில் சட்டை வைப்பதை நிறுத்துவோம், சூட்டை நிறுத்த மாட்டோம்.

மெஷினை ஓட்டுபவர் மூக்கையா, உசிலம்பட்டிக்காரர். "எண்ணெய் சிந்தாமப் பாத்துக்கங்கக்கா" என்று மட்டும் சொன்னார்.

அலுமினியத் தட்டில் பரப்பி ஒன்பது ரவுண்டு விட்டோம். பூண்டை ஏழாவது ரவுண்டில்தான் போட்டோம், முன்பே போட்டால் கருகிக் கசக்கும். அடேயப்பா, என்ன மணம்! தோல் மொறுமொறுவென்று, உள்ளே மாவாக. மஹ்னூருக்கு எட்டு எடுத்து வைத்துவிட்டு மீதியை நாங்கள் தின்றோம். சத்தியமாக, அப்படி ஒரு கிழங்கை என் ஆயுசில் நான் தின்றதில்லை.

மூக்கையா தின்னவில்லை. அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், பூண்டு வெங்காயம் தொடமாட்டார்.

[இந்தப் பத்தியை ஒரு தடவை அடித்தேன். பூண்டே தொடாதவருக்குப் பூண்டால் வேலை போனது என்றால் எவர் நம்புவார்? சோடித்திருக்கிறாள் என்பார்கள். பிறகு திரும்பச் சேர்த்துவிட்டேன். நடந்தது அப்படித்தான், நான் என்ன செய்ய?]

4.

சாப்பாடு முடிந்து சட்டைகள் அதே பெல்ட்டில் போயின. அவற்றை மடித்து, கவரில் போட்டு ஒட்டி, பெட்டியில் அடைத்தது என் டேபிள். ஆறு நாள் கழித்து, சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் வந்து ஒரு கவரைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். மூன்று மாதக் குழந்தை போடுகிற சட்டையில் பூண்டு வாசம். பெட்டி பெட்டியாகப் பிரித்து முகர்ந்தார்கள். கப்பல் தவறிப்போனது.

மெஷினுக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு பூண்டுத் தோலும் கிடைத்தன. மேனேஜர் நஞ்சப்பன் எல்லோர் முன்னாலும் மூக்கையாவைக் கேட்டார்.

"சாமி, யாருங்க இந்த வேலையப் பண்ணுனது? சொல்லிப்போடுங்க."

"எம் மெசினு சார். நாந்தான் பொறுப்பு."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டருகே ஓடிப்போய் மூக்கையாவை நிறுத்தினேன்.

"ஏனுங்க, எங்க பேரச் சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

"மால போட்ருக்கேன்லக்கா. ஒருத்தரக் காட்டிக் குடுத்துட்டு எப்பிடி மலையேறுறது?"

அது வியாழக்கிழமை. நாளை காலை அவர் இடத்துக்குப் புது ஆள் வருகிறார்.

5.

முடிவுகள்:

அ) ஷமீமா ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொல்கிறாள். உருக்கமாக இருக்கும். அவளுக்கு வேலை போகும், எனக்கு ஒரு நல்ல கதை கிடைக்கும். த்தூ.

ஆ) மூக்கையாவுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைக்கிறது. கேட்டுக்குக் கேட்டு 'ஆட்கள் தேவை' போர்டு தொங்குகிற ஊரில் வேலைக்கா பஞ்சம்? [மூன்று நாளாக இதைச் சொல்லித்தான் தூங்குகிறேன். ஆனால் ஷிப்மெண்டைக் கெடுத்தவன் என்ற பேர் அவருக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.]

இ) மலையிலிருந்து இறங்கி வரும் மூக்கையா ஒரு நாள்

இல்லை, வராது.

6.

எழுதிய வரைக்கும் ஷமீமாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாருக்குதுங்க்கா. ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு கண்ணு."

"ஓவன் இங்கதான் இருக்குதேன்னு ஒருத்தரு சொன்னாருன்னு எழுதியிருக்கறீங்க. அது நீங்கதானுங்க்கா?"

நான் தாள்களைப் புரட்டி அந்த வரியைத் தேடினேன்.

"கெழங்கு கொண்டாந்தது நானு. எம் பேரப் போட்டுட்டீங்க, இருக்கட்டுங்க. உங்க பேரையும் போட்டுருங்க" என்றாள்.

வெட்கத்தில் காது சுட்டது. இவளை ஆபீசுக்குள் அனுப்பிவைக்க ஒரு முழுக் கதை எழுதியிருக்கிறேன்.

7.

சரி. ஒருவர் இல்லை, நான்தான். சாரதாமணி. "இங்கதான் இருக்குதே ஓவன்" என்றது நான். தட்டைப் பெல்ட்டில் வைத்ததும் நான். சூப்பர்வைசர் தட்டோடு வந்து நின்றால் ஆபரேட்டர் வேண்டாம் என்றா சொல்வார்?

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதில்லை. இதற்கு ஒரே ஒரு வாசகர்தான். எனக்கு வாயால் சொல்லத் தைரியம் வராது, எழுத மட்டும்தான் வரும்.

நஞ்சப்பன் சார், இந்தத் தாள்களை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தத் திங்கட்கிழமைக் காலையில் ஷமீமாவும் நானும் உங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறோம். தலையைத் தூக்கினால் தெரியும். புது ஆள் எட்டரைக்கு வருவார். எங்கள் இருவரையும் என்ன செய்வது என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், நான் ஒரு வரிகூடத் திருத்த மாட்டேன். மூக்கையாவின் போன் நம்பரைக் கடைசித் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அவர் ஒரு கிழங்குகூடத் தின்னவில்லை, சார்.