ஒரு திருத்தமும் இல்லாத வரைவு

ரெனிட்டா வக்கீலான பிறகு தனியாகப் பேசி முடிக்கப்போகும் முதல் ஒப்பந்தம் அது. பெசன்ட் நகர் மாதா கோவில் பாடகர் குழுவை நடத்தும் கிளிஃபர்ட் அங்கிளின் மெட்டு ஒன்றை, பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்குக் கேட்டிருந்தார்கள். வருஷா வருஷம் கொடியேற்றத்தன்று கோவிலில் பாடுகிற மெட்டு. சின்ன வயதில் சுருதி சேரவில்லை என்று ரெனிட்டாவைக் குழுவிலிருந்து இறக்கிவிட்டவரும் இதே அங்கிள்தான். அதற்காக, தேடி வந்த கட்சிக்காரரை விரட்டவா முடியும்?

கம்பெனியின் நந்தனம் ஆபீசில் அவர்களுடைய வக்கீல் தஹ்சீன் அவளுடைய வரைவை நிதானமாகப் படித்தார்.

"எங்களுக்கு ஓகே மேடம். ஒரு திருத்தமும் இல்ல."

ரெனிட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அங்கிள் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உறுத்தியது. கல்யாணப் பேச்சில் சம்பந்தி வீட்டார் எதுவுமே கேட்கவில்லை என்றால் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

வரைவை இழுத்துப் படித்தாள். அவள் இருக்கும் வக்கீல் ஆபீஸ் எப்போதும் கம்பெனிகளுக்கே வேலை செய்வது. அங்கிருந்த பழைய ஒப்பந்தம் ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தாள். மெட்டின் சகல உரிமையும் கம்பெனிக்கே என்ற வரி அப்படியே உட்கார்ந்திருந்தது. கையெழுத்துப் போட்டால், இனிக் கோவிலில் பாடவும் பிஸ்கட்காரர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

"அங்கிள், போடாதீங்க. தப்பு என்னோடது." அவமானத்தில் முகம் எரிந்தது.

தஹ்சீன் சிரித்தார். "நீங்களே எழுதினதுதானே மேடம்?"

"ஆமா சார். நானே மாத்துறேன். உங்க கம்பெனிக்கு எதுல பயம்?"

"வேற பிஸ்கட்காரன் இதே மெட்டை எடுத்துக்கிட்டா?"

"அப்போ அதை மட்டும் எழுதுவோம். விளம்பரத்துல உங்களுக்கு மட்டும்தான். மத்தபடி மெட்டு அங்கிளோடது. அதை யார் பாடணும், எங்க பாடணும்னு அவர்தான் சொல்லுவார்."

தஹ்சீன் யோசித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து அங்கங்கே அடித்து எழுத ஆரம்பித்தார். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் ரெனிட்டாவுக்கு மூச்சு வந்தது.

கொடியேற்றத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றவளை அங்கிள் பாடகர் குழுவுக்குக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எனக்குத்தான் சுருதி சேராதே அங்கிள்?"

"சேராதுதான். யார் பாடணும்னு நான்தான் சொல்லணும்னு எழுதினது யாரு? வா, வந்து நில்லு."

போய்க் குழுவோடு நின்றாள். பாடினாள். சுருதி சேரவே இல்லை.