ட்ரிப் என்றால் திரும்பி வருவது

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, துபாயில் இருக்க வேண்டிய ஆறு பெண்கள் ஹட்டனில் என் வகுப்பு வாசலில் நின்றார்கள். என் கையிலிருந்த மார்க்கர் பேனா கீழே விழுந்து நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைதான் வேன் வரை போய் வழியனுப்பியிருந்தேன். சைவக்காரிகள் என்றும் பாராமல் ஒவ்வொருத்தி நெற்றியிலும் சிலுவை போட்டு விட்டேன். அன்று ஏழு நெற்றிகள் இருந்தன.

"வினோதா எங்க?" என்றேன்.

நனைந்த குடைகளைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார்கள். கேள்வி கேட்டால் ஆறு பேரும் ஒரே வாயாகப் பதில் சொல்கிறவர்கள் இவர்கள். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

நான் ஜொய்சி. ஹட்டன் பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் பதினெட்டு வருடமாக இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். ஒரு சொல் இடம் மாறி உட்கார்ந்தால்கூட எனக்குக் காது கூசும். என்னிடம் படித்தவன் வாயில் பிழை வராது என்று ஊரில் பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

போன மாதம் ஜெயகாந்தன் வந்தான். என் பழைய மாணவன்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் இரண்டு போன். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலை செய்கிறானாம்.

"ஏழு பேர் இருக்காங்க டீச்சர். எல்லாரும் தோட்டத்து ஆளுங்க. பயணத்துக்கு வேண்டிய இங்கிலீஷ் மட்டும் பத்து நாள்ல சொல்லிக் குடுங்க. எயார்போட்டுல கேட்டா பதில் சொல்லத் தெரிஞ்சா போதும்."

"என்ன விசாவுல போறாங்க?"

"டூரிஸ்ட் விசா டீச்சர். முதல்ல சுத்திப் பாக்கப் போறாங்க. பிடிச்சிருந்தா அப்புறம் வேலை பாப்பாங்க."

விடிந்தால் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலையேறுகிற ஏழு பெண்கள் துபாயைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்களாம். பிள்ளைகளின் கொப்பியில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் சிவப்புக் கோடு போடுகிற நான், இதைக் கேட்டுத் தலையாட்டினேன். பெரிய ஆள் ஒருவன் என்னைத் தேடி வந்து "உங்களை விட்டா யாரு டீச்சர்" என்றதில் எனக்குக் கண் மறைத்துவிட்டது.

முதல் நாள் பலகையில் ஐந்து சொற்களை எழுதினேன். ட்ரவல், ஜேர்னி, ட்ரிப், டூர், வொயேஜ். தமிழில் எல்லாவற்றையும் பயணம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம், இங்கிலீஷில் அப்படிக் கட்ட முடியாது என்று தொடங்கினேன். இது எனக்கு மிகவும் பிடித்த பாடம். ட்ரவல் என்பது பொதுவாகப் பயணம் செய்வது. பட்டிப்பொலையில் ரயிலேறி கொழும்பில் இறங்கினால், அந்த வழி முழுக்க ஜேர்னி. ஊர் ஊராக இறங்கிப் பார்த்துக்கொண்டு போனால் டூர். கப்பலில் நெடுந்தூரம் போனால் வொயேஜ்.

"அப்ப ட்ரிப்?" என்று கேட்டவள் வினோதா. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம். முப்பது வயதிருக்கும். நான் வாயைத் திறந்தால் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நீயே சொல்லு பாப்பம்."

"போன வருசம் எங்க லயத்து ஆளுங்க வேன் பிடிச்சு இறம்பொடை ஹனுமார் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். அதை ட்ரிப்புன்னுதான் சொன்னோம்."

"அதேதான். கொஞ்ச நாளைக்குப் போய்த் திரும்பி வர்றது. திரும்பி வந்தாதான் அது ட்ரிப்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஆளுங்க இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்தாங்களே டீச்சர். அவங்க திரும்பிப் போகலயே. அப்ப அது ட்ரிப் இல்ல."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கெட்டிக்காரி என்று பாராட்டவும் செய்தேன்.

மற்ற ஆறு பேரோடும் எனக்குத் தினம் சண்டை. ஒருத்தியைக் கேட்டால் ஆறு பேரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். எத்தனை தரம் கத்தினாலும் மாறவில்லை. கடைசியில் அவர்களில் மூத்தவள் மீனம்மா சொன்னாள்: "கோவிக்காதீங்க டீச்சர். மலையில கங்காணி வந்து ஏதாச்சும் கேட்டா நாங்க ஒண்ணாத்தான் பதில் சொல்லுவோம். தனியா வாய தொறந்தவ பேருதான் தொரைகிட்ட போகும். பழகிப் போச்சு."

"இது மலையில்ல, வகுப்பு. ஒருத்தரைக் கேட்டா ஒருத்தர்தான் பேசணும். எயார்போட்டுல இப்படிக் கோரஸ் பாடினா சிரிப்பாங்க" என்றேன். வினோதா மட்டும் சொன்னபடி கேட்டாள். தனியாக எழுந்து நின்று, கண்ணைப் பார்த்து, சிரித்த முகத்தோடு பதில் சொல்லப் பழகினாள். அவளை அப்படி வளைத்தெடுத்ததில் எனக்குப் பரம சந்தோஷம்.

ஒருநாள் ஜெயகாந்தன் ஒரு கடுதாசி கொண்டு வந்தான். அதிகாரி கேட்டால் இவர்கள் சொல்ல வேண்டிய பதில்கள். இங்கிலீஷ் படுமோசம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய்யைப் பார்த்தல்ல, பிழையைப் பார்த்து. அங்கேயே உட்கார்ந்து என் கையால் திருத்தி எழுதினேன். ஐ ஆம் ஒன் எ ஷோர்ட் ட்ரிப். ஐ ஷல் பி பேக் இன் எ ஃபோர்ட்நைட். இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள் என்பதற்கு ஃபோர்ட்நைட் என்று போட்டது என் சொந்தச் சரக்கு. அழகான சொல், இங்கே யாரும் சொல்வதில்லை. கடுதாசியை வினோதாவிடம் கொடுக்கும்போது அடியில் அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று எழுதினேன். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறேன் என்று. அவளுக்கு அக்காவே கிடையாது.

இப்போது மீனம்மா நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"நீங்க சொன்ன மாதிரியே வினோதா எங்களை விட்டுட்டு வேற வரிசையில நின்னா டீச்சர். அவளைக் கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டே என்னமோ குழந்தைன்னு சொன்னா. அந்த ஆளும் சிரிச்சுட்டு சீல் குத்திட்டாரு. பொறவு இந்தப் பக்கத்து ஆபீசர் என்னைக் கேட்டாரு. நான் வாய தொறந்தேன். எனக்குப் பின்னாடி நின்ன அஞ்சு பேரும் சேந்து சொல்லிட்டாளுக."

"சேர்ந்தா?"

"ஆமா டீச்சர். ஃபோர்ட்நைட்னு முடிச்சோம். வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ஆபீசர் எங்களைத் தள்ளி உக்கார வச்சு, ஒவ்வொருத்தியா கூப்பிட்டுக் கேட்டாரு. எல்லாரும் அதையே சொன்னோம். இந்தச் சொல்லை இத்தனை வருசத்துல எவனும் எங்கிட்ட சொன்னதில்ல, உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு சிங்களத்துல கேட்டாரு. பொறவு நிஜத்தைச் சொல்லுங்கன்னாரு. சொல்லிட்டோம். நல்ல மனுசன். இப்படிப் போனா உங்களை விக்கிறாங்களா வாங்குறாங்களான்னே தெரியாது, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாரு."

"வினோதா?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னா. வா வான்னு கையக் காட்டினேன். நான் பயந்துட்டேன்னு நெனச்சு சிரிச்சா. டாட்டா காட்டிட்டுப் போயிட்டா."

எந்தக் கோரஸுக்காகப் பத்து நாள் தொண்டை கிழியக் கத்தினேனோ, அது ஆறு பேரைக் காப்பாற்றியிருக்கிறது. நான் சொன்னதைக் கேட்ட ஒருத்தி போய்விட்டாள்.

ஜெயகாந்தனுக்குப் போன் அடித்தேன். இரண்டு நம்பரும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. திரும்பத் திரும்ப அடித்தேன். மீனம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. தெரியாத நம்பர். அழுத்தினேன்.

"டீச்சர், வினோதா பேசுறேன். இது வேற ஒரு அக்காவோட போன்." மூச்சை அடக்கிக் கிசுகிசுத்தாள். "வந்து சேந்துட்டேன் டீச்சர். கூட்டிட்டு வந்தவன் பாஸ்போட்டைப் பறிச்சுக்கிட்டான். ஒரு ரூமுல பதினோரு பேர் இருக்கோம். வெளிய பூட்டியிருக்கு. ரெண்டு வருசத்துக்கு எழுதியாச்சாம், எந்த வீடுன்னு இன்னும் சொல்லல. நான் ரெண்டு கிழமைன்னுதான் சொன்னேன், அது அவனுக்குப் புரியல. வீட்டுக்குப் போகணும்னு இங்கிலீசுல எப்படிச் சொல்றது டீச்சர்? நீங்க அது மட்டும் சொல்லிக் குடுக்கல."

ஆறு பேரில் சின்னவளான கிருஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. பத்து நாள் பயணப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஐந்து சொல்லுக்கு ஐந்து விளக்கம் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற வசனத்தைச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அதே நம்பருக்குப் பேசி அனுப்பினேன். ஐ வோன்ட் டு கோ ஹோம். மெதுவாக, மூன்று தரம். செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. அது இரண்டாகும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஆகவில்லை.

வினோதாவின் புருஷன் கந்தப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன். மத்தியானம் நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் வந்து இறங்கினான். பையில், வீட்டுப் பாத்தியில் பிடுங்கிய லீக்ஸ் கட்டு ஒன்று எனக்காகக் கொண்டு வந்திருந்தான். "உங்க புண்ணியத்துல போய்ச் சேந்திருப்பா டீச்சர்" என்றான். வீதியிலேயே நிற்க வைத்துச் செய்தியைக் கேட்கச் செய்தேன். லீக்ஸ் கட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அப்படியே பொலிஸுக்கு நடந்தோம்.

அங்கே இருந்த அதிகாரி பொறுமையான மனிதர். பெரிய புத்தகத்தைத் திறந்து, சிங்களத்தில் கந்தப்பனிடம் கேட்டார். மனைவியின் பெயர் என்ன, எப்போது போனார், என்ன காரியமாகப் போனார்.

கந்தப்பன் எழுந்து நின்றான். கைகளைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, இங்கிலீஷில் சொன்னான். "ஷி இஸ் ஒன் எ ஷோர்ட் ட்ரிப். ஷி வில் பி பேக் இன் எ ஃபோர்ட்நைட்."

இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாதவன். ஒரு பிழை இல்லை. என் உச்சரிப்பு அப்படியே அவன் வாயில் இருந்தது.

"கந்தப்பா, என்ன சொல்றீங்க?"

அவன் என் பக்கம் குனிந்தான். "எந்த ஆபீசர் கேட்டாலும் இதைத்தான் சொல்லணும், மாத்திச் சொன்னா அவளை அங்க ஜெயில்ல போட்டுருவாங்கன்னு ஜெயகாந்தன் தம்பி சொல்லிச்சு டீச்சர். ஆறு பேருக்குக் குடுத்த வசனத்தையும் வினோதா வீட்டுல சொல்லிச் சொல்லிப் பாப்பா. நான் சொல்றதுக்கு 'ஷி'ன்னு மாத்திக் குடுத்தா, கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாயிருச்சு."

அதிகாரி பேனாவை மூடினார். "இரண்டு கிழமையில் வரப் போகிறவருக்கு எதற்கு முறைப்பாடு?" என்றார். "வராவிட்டால் அப்போது வாருங்கள்."

புத்தகம் மூடப்போகிறது. அப்படியே விட்டுவிட்டால் என் பெயர் எங்கேயும் வராது. பதினெட்டு வருடப் பேர் அப்படியே நிற்கும். இந்த நினைப்பு எனக்கு வந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். பாழாய்ப்போன நினைப்பு. தனியாக வாய் திறந்தவளின் பெயர்தான் துரையிடம் போகும் என்று மீனம்மா சொன்னதும் சேர்ந்து வந்தது.

"மூடாதீங்க சேர்" என்று சிங்களத்தில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "அது பொய். அவர் சொன்னது நான் எழுதிக் கொடுத்த பொய். அந்தப் பெண் வேலைக்குப் போனாள். எயார்போட்டில் மாட்டாமல் போவதற்கு அவளைப் பழக்கினது நான்தான்."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் யார்?"

"டீச்சர்."

அவர் புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். எழுதிக் கொடுத்தது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். நான் கந்தப்பனைத் திரும்பிப் பார்த்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் இன்னும் லீக்ஸ் கட்டைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னது சரியாக விளங்காதவன் மாதிரி நின்றான்.

"அந்தக் கடுதாசியா டீச்சர்? வினோதா அதை சாமி படத்துக்குக் கீழ ஒட்டி வச்சிருக்கா. காலையில கும்பிட்டுட்டுத்தான் படிப்பா." அதிகாரியை ஒரு தரம் பார்த்தான். "உங்களுக்குப் பிரச்சினைன்னா போய்க் கிழிச்சுப் போட்டுர்றேன் டீச்சர்."

"கிழிக்காதீங்க கந்தப்பா" என்றேன். "அடுத்த பஸ்ஸுல போய் எடுத்துட்டு வந்து இவருகிட்ட குடுங்க. என் கையெழுத்துதான்."