தீவைச் சுற்றி ஒரு சாலை

"மிச்சத்தக் குடுத்துருவேல்ல தம்பி?" என்று கேட்டுக்கொண்டே சண்முகத்தாய் அக்கா தூக்குவாளியை எடுத்தாள். மகள் ஓவியாவுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது.

"குடுத்துர்றேன்க்கா. நீங்க போங்க."

"மறந்துறாத. ஒனக்கு இப்பவே புத்தி ராமேஸ்வரத்துல கெடக்கு."

உண்மைதான். அன்று சனிக்கிழமை. மூன்று மணிக்கு என் கூட்டாளி முனியராஜ் மோட்டார் சைக்கிளோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

எங்கள் பட்டாசுக் கம்பெனி தாயில்பட்டிக்குத் தெற்கே இருந்தது. ஒன்பதாம் நம்பர் ரூமில் நானும் அக்காவும் மட்டும்தான். காகிதக் குழாயில் வெடிமருந்து செலுத்துவது வேலை. அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும். மிஞ்சினால் போர்மேன் சீனிச்சாமி அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் பின்பக்கக் குழியில் கொட்டி எரிப்பார். ரூமில் தங்கிய மருந்தில் காற்றின் ஈரம் ஏறும். ஈரம் ஏறியது உள்ளுக்குள்ளேயே சூடாகும், வெளியே தெரியாது. அதற்குப் பிறகு யாராவது அசைத்தால் போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுவார்கள். சொல்லியும், சீசன் நேரத்தில் மறுநாள் வேலையைச் சீக்கிரம் தொடங்கலாம் என்று யாராவது மிச்சம் வைப்பார்கள். அதனால்தான் திங்கட்கிழமை காலையில் பழைய ஆட்கள் கும்பிட்டுவிட்டு ரூமுக்குள் காலை வைப்பார்கள்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. வெம்பக்கோட்டை நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் எடுப்பேன். மொழிபெயர்ப்பாக இருந்தால் போதும், எந்த நாடு என்று பார்க்க மாட்டேன். அப்படிக் கிடைத்ததில் ஒன்றுக்கு அட்டையும் முதல் பதினாறு பக்கமும் இல்லை. அதில் ஒருவன் படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஒரு தீவுக்குப் போகிறான். தீவைச் சுற்றி ஒரே சாலை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எலுமிச்சைத் தோட்டம், மேட்டில் வெள்ளை வீடுகள். காலையில் கிளம்பி, சாயங்காலம் கிளம்பிய இடத்துக்கே வந்து சேருகிறான். கதையில் வேறு பெரிதாக எதுவும் நடக்காது. நான் அதை மூன்று தடவை படித்தேன். குழாயில் மருந்து செலுத்திக்கொண்டே அக்காவுக்கும் சொன்னேன்.

"அவனுக்கு வேல வெட்டி இல்லையாக்கும்?" என்றாள்.

"இருக்கும்க்கா. அது அந்த கிழிஞ்ச பக்கத்துல இருக்கும்."

"எலுமிச்சை எப்பிடிலே கடலுக்குப் பக்கத்துல காய்க்கும்? உப்புத் தண்ணில்ல."

"அந்த ஊர்ல காய்க்குது."

"நல்ல ஊருதான்" என்று சிரித்தாள். முழங்கை வரை அலுமினியப் பவுடர் ஏறி அவள் கைகள் வெள்ளியாக இருந்தன. "நீயும் ஒரு சுத்து சுத்திட்டு வா. வந்து எனக்குச் சொல்லு. நாந்தான் எங்கயும் போகப் போறதில்ல."

முனியராஜ் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தான். காலண்டருக்கு அச்சடித்த வெளிநாட்டுத் தீவுப் படம் ஒன்றில் கலர் விலகிவிட, கழித்துப் போட்ட தாளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் கடலின் நீலம் கொஞ்சம் நகர்ந்து மணலின் மேல் ஏறியிருந்தது. அதை ரூம் சுவரில் ஒட்டப் போனபோது சீனிச்சாமி அண்ணன் கிழித்துப் போடச் சொன்னார். நான் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நமக்குப் போகக்கூடிய தீவு ராமேஸ்வரம்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

மூன்று மணிக்கு ஆரன் கேட்டது. கம்பெனிக்குள் வண்டி வரக்கூடாது. முனியராஜ் வேலிக்கு வெளியே வெகு தூரத்தில் நின்று விடாமல் அடித்தான். தட்டில் இரண்டு படி மருந்து மிச்சம் இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். சம்பள நாள். மிச்சம் ஒப்படைக்க சீனிச்சாமி அண்ணன் முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நான் தட்டை மூலைக்குத் தள்ளி, ஈரத்துணி காயப்போடும் பலகைக்குக் கீழே வைத்து, மேலே பருத்தித் துணி போட்டு மூடினேன். திங்கட்கிழமை அக்கா வருவதற்கு முன்னால் வந்து முதல் வேலையாகச் செலுத்தி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அருப்புக்கோட்டை, கமுதி, பரமக்குடி வழியாகப் போனோம். முனியராஜின் சாமுராய் வண்டிக்கு எழுபதைத் தாண்டினால் நடுக்கம் வரும். இருட்டும்போது ராமநாதபுரத்தில் அவன் சித்தப்பா வீட்டில் படுத்துக்கொண்டு, ஞாயிறு விடிந்ததும் பாம்பன் பாலம் ஏறினோம்.

பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கீழே ரயில் பாலம், அதற்குக் கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், ஓரங்களில் மீன்பிடிப் படகுகள். முனியராஜ் தலையை ஆட்டினான்.

"ஏலே, நம்ம மிஷின்ல இந்தக் கலர் வரவே வராது."

எனக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. தாயில்பட்டியில் எட்டு வயதிலிருந்து நான் மூச்சோடு இழுத்தது கந்தக வாடைதான். அந்தப் பாலத்தில் காற்றுக்கு அந்த வாடையே இல்லை.

தங்கச்சிமடத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். காயப்போட்ட கருவாட்டை நான்கு பெண்கள் அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். வயதில் மூத்தவள் மற்றவளைத் திட்டினாள்.

"நனஞ்சதக் குமிக்காதடி! உள்ளுக்குள்ள சூடேறி அம்புட்டும் வெந்து போகும்!"

பலகைக்குக் கீழே இருந்த தட்டு கண்முன் வந்தது. ஒன்பதாம் நம்பர் ரூமில் அந்த மூலையில்தான் சுவர் ஓதம் பிடித்து ஈரம் கசியும்.

முனியராஜிடம் சொன்னேன்.

"எம்புட்டு இருக்கும்?"

"ரெண்டு படி."

"மூதி. ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

ராமேஸ்வரத்தில் எஸ்டிடி பூத் தேடி சீனிச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். அவரே எடுத்தார்.

"அண்ணே, பாலகுரு பேசுறேன். ஒம்பதாம் நம்பர்ல மிச்சம் வச்சிட்டு வந்துட்டேன்ணே."

"என்னத்தலே வச்ச?"

சொன்னேன். கெட்ட வார்த்தை நான்கைந்து வந்தது. மழை பெய்கிறதா என்று கேட்டேன்.

"காலையிலேருந்து தூறுது. சரி, நீ இத யார்கிட்டயும் ஒளறிக்கிட்டுத் திரியாத. இன்னைக்கு மொதலாளி வீட்டுக் கெடா வெட்டு. நாளைக்குக் காலையில நானே போயி மொத ஆளா எடுத்துர்றேன்."

"மறந்துறாதீகண்ணே. சண்முகத்தாய் அக்கா ஏழு மணிக்கே வந்துருவாக."

"எனக்குத் தெரியாதா? வைலே போன."

வைத்துவிட்டேன். இப்போதே கிளம்பினால் ராத்திரிக்குள் ஊர் போய்விடலாம், காலையில் நானே வாசலில் நிற்கலாம் என்று தோன்றியது. முனியராஜ் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

"அதான் அவுகளே எடுத்துர்றேன்னுட்டாகள்ல. இம்புட்டுத் தூரம் வந்துட்டு சுத்தாமப் போவியா? ஏறு."

ஏறினேன்.

மழை விட்டிருந்தது. ராமர் பாதம் இருக்கும் மேட்டில் ஏறிப் பார்த்தபோது கீழே தென்னந்தோப்பும் கருவேலமும் கோபுரமும் தெரிந்தன. நான்கு பக்கமும் தூரத்தில் கடல். தீவைச் சுற்றி ஓடும் சாலையைத் தேடினேன். தெரியவில்லை. மரங்களுக்குப் பின்னால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து தனுஷ்கோடிப் பக்கம் போனோம். போகப்போக இரண்டு பக்கமும் கடல் நெருங்கி வந்தது. முனியராஜ் கத்திப் பாடினான். நான் பின்னால் இரண்டு கையையும் விரித்தபடி உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் எனக்குத் தட்டும் இல்லை, மருந்தும் இல்லை.

மூன்றாம் சத்திரத்தில் தார் ரோடு முடிந்தது. அதற்கப்புறம் வெறும் மணல். பெரிய டயர் போட்ட வேன்கள் மட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"சுத்திப் போற ரோடு எங்கன இருக்கு?" என்று ஒரு வேன்காரரிடம் கேட்டேன்.

"எத சுத்தி?"

"தீவ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுத்துறதுன்னா கோயிலச் சுத்துங்க தம்பி. இங்க வந்த வழியிலதான் திரும்பணும்."

முனியராஜ் கேட்கவில்லை. ஈர மணல் கெட்டியாக இருக்கும் என்று அலையோரமாக வண்டியை இறக்கினான். ஒரு பர்லாங் போனது. பிறகு பின் சக்கரம் பாதி வரை புதைந்தது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது. ஒரு அலை வந்து இன்ஜினை நனைத்துவிட்டுப் போனது. புகை வாடையோடு வண்டி நின்றது. சாயங்காலம் வரை தள்ளி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் திங்கட்கிழமை காலையில்தான் கடை திறப்பார் என்றார்கள். பஸ் ஏறி நான் மட்டும் போகிறேன் என்றேன்.

"என்னைய இந்த வண்டியோட விட்டுட்டா?" என்றான். "சீனிச்சாமி அண்ணன் பாத்துக்கிடுவாகலே."

அதையும் ஏற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கம்பெனிக்கு முன்னால் இறங்கினேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கருப்பணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீ ரூம்ல இல்லையா? ஒன்னையும் சேத்துல்ல தேடுனாக."

ஒன்பதாம் நம்பர் இருந்த இடத்தில் மூன்று சுவர் நின்றது. ஓடு ஒன்றுகூட இல்லை.

கருப்பணன்தான் சொன்னார். சீனிச்சாமி அண்ணன் கெடா வெட்டு அலுப்பில் அரை மணி பிந்தி வந்திருக்கிறார். வரும்போதே தூரத்தில் நின்று கத்தியிருக்கிறார். "சண்முகம், வெளிய வா! மூலையில மிச்சம் இருக்காம், தொட்டுராத!" அக்கா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாள்.

"எங்க பாலகுரு குடுத்துட்டுத்தான் போயிருப்பான். குடுத்துர்றேன்னு எங்கிட்ட சொன்னான்ல. வேணும்னா நீங்களே பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு, ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக உள்ளே போய்ப் பலகைக்குக் கீழே கிடந்த துணியை இழுத்திருக்கிறாள்.

சீனிச்சாமி அண்ணனை, அக்காவைச் சேர்த்திருந்த மதுரை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எனக்குப் போனு வந்துச்சுன்னு நான் சொல்லல. மிச்சம் வச்சேன்னு நீயும் சொல்லாத. ரெண்டு பேரும் உள்ள போனா அவ எந்திரிச்சு வந்துருவாளா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அது சம்மதம்தான்.

தீக்காய வார்டில் அக்காவை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் கண்ணும் வாயும் மட்டும் கட்டில்லாமல் இருந்தன. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவியா நின்றாள். அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. எழுபது சதவீதம் வெந்திருக்கிறது என்று நர்ஸ் வெளியிலேயே சொல்லியிருந்தார். எழுபது என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

"யாரு, பாலகுருவா?"

"ஆமாக்கா."

மூச்சு வாங்கிக்கொண்டாள். "மிச்சத்தக் குடுத்துட்டுத்தான போன?"

ஓவியா என்னைப் பார்த்தாள். வழியெல்லாம் நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தை வேறு.

"குடுத்துட்டேன்க்கா."

"அதான பாத்தேன்" என்றாள். அவள் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. "வேற எவனோ வச்சிருக்கான். பாவி."

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்தேன்.

"சுத்துனியா?" என்றாள்.

"ம்."

"சொல்லு."

மணலில் முடிந்த சாலையை அவளுக்கு எப்படிச் சொல்வது? பாலத்திலிருந்து ஆரம்பித்தேன். அது வரைக்கும் உண்மை. பாலம் இறங்கியதும் கடலோரமாகவே சாலை போகிறது என்றேன். மேட்டில் வெள்ளை வீடுகள் இருக்கின்றன என்றேன். வளைவில் எலுமிச்சைத் தோட்டம் வருகிறது, அந்த வாசனை வண்டியோடு கூடவே வருகிறது என்றேன்.

"எலுமிச்சையா? நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா."

"உப்புத் தண்ணியிலயா?"

"ஆமா. மஞ்சமஞ்சேள்னு கெடக்கு."

"மேல சொல்லு" என்றாள்.

நர்ஸ் வந்து போதும் என்று கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. கிளம்பிய இடம் இன்னும் வரவில்லை. அது வருகிறவரை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வளைவுக்குப் பிறகு அவள் "ம்" கொட்டவில்லை. ஓவியாதான் அம்மாவின் வாய்ப் பக்கம் காதை வைத்துக் கேட்டாள்.