சம்பலுக்கு வக்காலத்து

முனவ்வறாவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. போனை வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். கல்முனைக்குடியில் அவள் நடத்தும் மாசிக் கருவாட்டுச் சம்பல் கம்பெனியின் போத்தலில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும் படத்தை, சாய்ந்தமருதுப் பெண் சிபானா முகநூலில் போட்டிருந்தாள். "காசு குடுத்து வாங்கினது. கவனமா இருங்க" என்று இரண்டே வரி. நோன்பு நெருங்குகிறது. ஓடர் குவிகிற நேரம் பார்த்தா இது வரவேண்டும்?

பழி பொய்யென்றால் முனவ்வறா பாய்ந்திருப்பாள். பொய்யில்லையே! கரண்ட் போன அன்று, நேரம் போகிறதென்று, சூடு ஆறுமுன்பே மூடியை இறுக்கச் சொன்னது அவள்தான். அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில், "எல்லாரும் போய் நம்மட சம்பலப் பத்தி நல்லதா எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

எழுதினார்களே ஓர் எழுத்து! மாமிமாரும் மச்சிமாரும் புகழ்ந்து தள்ளினார்கள். மூன்று வருடமாகக் கட்டாரில் வேலை செய்யும் தம்பி றிஸ்மி, "இண்டைக்குக் காலையில கல்முனை பஸார்ல வாங்கிப் புட்டோட திண்டன், மாஷா அல்லாஹ்" என்று எழுதினான். "எந்த பஸார் காக்கா, தோஹாவா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டு ஊரே சிரித்தது. யார் எங்கே இருக்கிறார் என்பது ஊருக்கு மனப்பாடம் என்பதை அந்த மடையன் மறந்துபோனான்.

ஊரின் சிரிப்பைத் தாங்கமாட்டாமல் அவன் இன்னொன்றும் எழுதினான்: "உங்களுக்குக் கலியாணம் சரிவராத கோபத்த சம்பல்ல காட்ட வேணாம், சிபானா."

பகலுக்குள் அது குழுக் குழுவாகச் சுற்றியது. சம்பலை எல்லாரும் மறந்துபோனார்கள். முனவ்வறாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கக்கேடு, ஆனாலும் உண்மை. அதற்குப் பிறகுதான் தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"அழிடா அத!"

"ராத்தா, உங்கட கம்பெனிட பேரக் காப்பாத்தத்தானே..."

"அழி எண்டன்!"

அழித்தான். படம் பிடித்து வைத்தவர்கள் விடுவார்களா?

அசர் தொழுகைக்குப் பிறகு முனவ்வறா புதுப் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு சிபானா வீட்டுக்குப் போனாள். கேற்றைத் திறந்த தாய் ஸுஹைறா, உள்ளே வரச் சொல்லவில்லை.

"கெட்ட சம்பலுக்கு நல்ல சம்பல் தாறீங்க தங்கச்சி, நல்லம். பொண் பாக்க வாறம் எண்டிருந்த ஆக்கள், இப்ப வரல்ல எண்டுட்டாங்க. அதுக்கு என்ன கொண்டுவந்தீங்க?"

தாய்க்குப் பின்னால் சிபானா நின்றாள். கண் வீங்கியிருந்தது. முனவ்வறா பையைக் கீழே வைத்துவிட்டு, கம்பெனியின் முகநூல் பக்கத்தில் நேரலையைத் தொடங்கினாள்.

"நான் முனவ்வறா கதைக்கன். இந்தப் புள்ள சொன்னது உண்மை. சூடு ஆறாம மூடச் சொன்னது நான். புள்ளயப் பத்தி எழுதினது எண்ட தம்பி. அவன ஏவி விட்டதும் நான்தான். அவவில ஒரு பிழையும் இல்ல."

சொல்லி முடிக்குமுன் றிஸ்மியின் வரி வந்து விழுந்தது: "இது ராத்தா இல்ல. ஏஐ வீடியோ. யாரும் நம்பாதீங்க." அதற்குக் கீழே மச்சிமார் வரிசையாக இதயம் போட்டார்கள். நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அவர்கள் மட்டும்தான். சிபானா எட்டிப் பார்த்து வாசித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

கௌரவமான வீட்டுப் பெண் தெருவில் நின்று சத்தம் போடலாமா? முனவ்வறா போனைப் பையில் எறிந்தாள். தெருவுக்கு நடுவே போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"பிழை எண்ட! இந்தப் புள்ளட இல்ல!"