நாளைக்கு வாங்க

பிரெசில்லாவுக்குக் காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில், புற்றுநோய் மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் நர்ஸ் அவள். இன்றைக்கு வெளி பெஞ்சில் அவளைப் பெற்ற அய்யா மரியதாஸே உட்கார்ந்திருந்தார். இரைப்பையில் கட்டி. ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார். பாம்பனிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பில் கண்ணை மூடியிருந்தார்.

அவருக்கு முன்னால் வந்திருந்தது பெரியபட்டினத்து உம்மு ஹபீபா. அதே நோய்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டும் அளவுக்குத் தெம்பு இருந்தது.

சேருகிற ஒவ்வொரு நாலு பேரிலும் இரண்டு பேருக்குப் புது மருந்து, இரண்டு பேருக்குப் பழையது. யார் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டு, உறைகளில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். வருகிறவர்களுக்கு வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஆனால் மூன்று உறையைப் பிரித்துவிட்டால் நாலாவதில் என்ன இருக்கும் என்று தெரியப் பெரிய படிப்பு வேண்டுமா? இப்போது மேஜையில் இருந்தது நாலாவது உறை. உள்ளே புது மருந்து.

ஆய்வின் புள்ளிவிவரக் கணக்கைப் பார்க்கும் உமாமகேஸ்வரி அவளை அறைக்குள் கூப்பிட்டாள். கமுதிப் பக்கத்துக்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"புது மருந்து வாங்குறவுக எல்லாம் சேரும்போதே ஏன் இப்படி நொந்துபோயி இருக்காக? குலுக்கல்ல ஒரு பக்கமா இப்படி விழாதே பிரெசில்லா."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உறையில புதுசுன்னு தெரிஞ்சா முடியாதவுகளச் சேர்த்தேன்க்கா. தெம்பா இருக்கவுகள நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். பாவமா இருந்துச்சு."

திருப்பி அனுப்பப்பட்ட யாரும் சந்தேகப்பட்டதில்லை. இந்தக் கரையில் விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு மறுநாள் என்று கடலுக்கே முறை வைத்திருக்கிறார்கள். நாளைக்கு வாங்க என்றால், தொழில் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

"நீ பார்த்த பாவம் மருந்து தலையில விடிஞ்சிருக்கு" என்றாள் உமா. "முடியாதவுக சீக்கிரம் போயிருதாக. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுகன்னு நம்பித்தான் கணக்கு தீர்ப்பு சொல்லும். அதுக்கு ஒன்னோட பாவம் புண்ணியமெல்லாம் தெரியாது. மருந்துல பிரயோசனம் இல்லன்னு சொல்லிரும். அடுத்த மாசம் அதப் பார்த்துட்டு நிறுத்திட்டாகன்னா, நல்ல மருந்தக் கொன்னது யாரு?"

உமா கணக்கை மூடி வைத்தாள்.

"நடந்தத நான் மறைக்கப் போறதில்ல. இந்த உறையோட முடிஞ்சுச்சு. இனி ஆளுக்கு ஆள் எந்த மருந்துன்னு சென்னையிலருந்து போன்ல சொல்லுவாக. யாரும் கணிக்க முடியாது."

வெளியே வந்தாள். இதுதான் கடைசி உறை. அய்யாவும் முடியாதவர்தானே என்று மனசு நியாயம் பேசியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"உம்மா, நீங்க நாளைக்கு..."

"நாளைக்கு மவன் கடலுக்குப் போயிருவானேம்மா." உம்மு ஹபீபா அதற்குள் எழுந்து பையை எடுத்துவிட்டார். "பரவால்ல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வாரேன்."

இதுவரை திருப்பி அனுப்பிய எல்லோரும் இப்படித்தான் நம்பி எழுந்து போனார்கள். அவர்களில் யார் யார் இப்போது இல்லை என்பது பிரெசில்லாவுக்குத் தெரியும். அந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"வேணாம் உம்மா. உள்ள வாங்க."

உறையில் புது மருந்துதான் இருந்தது. அடுத்து அய்யாவுக்காகச் சென்னைக்குப் போன் செய்தாள். பழைய மருந்து என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

"எனக்கு எது தாயி?" என்றார் மரியதாஸ்.

"பழசுய்யா."

"அந்தம்மாவுக்கு?"

"புதுசு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு வந்தா மாத்தித் தருவாகளா? எனக்குத்தான் இப்பத் தொழிலே இல்லையே. எந்த நாள்னாலும் வாரேன்."

பிரெசில்லா ஊசியை எடுத்தாள். "மாறாதுய்யா. கையக் குடுங்க."

அவர் கொடுத்தார். நரம்பு பிடிக்க வெகுநேரம் ஆயிற்று.