வசன அக்காவுக்கு வேண்டிய ஒரு சம்மதம்

மூன்றாம் மாடிப் பெண்ணை அந்த அடுக்ககத்தில் எல்லோரும் வசன அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் யாராவது வாயைத் திறந்தால் கீழே எழுத்து ஓடுகிறதல்லவா, அந்த எழுத்தைப் பேச்சோடு பொருத்துகிற மென்பொருளை எழுதியவள் அவள். எழுதி ஊருக்கு இலவசமாகக் கொடுத்தவள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், தானும் நாலு வரி எழுதிச் சேர்க்கலாம். எடுத்தவர்கள் நன்றி சொன்னார்களோ இல்லையோ, குறை சொல்ல மறக்கவில்லை. பகலெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் மாரடித்துவிட்டு, வீடு திரும்பியதும் முன்பின் தெரியாதவர்களின் புகார்களுக்குப் பதில் எழுத உட்காருவாள். கண்ணுக்கு மை வாங்கும் செலவே அவளுக்கு இல்லை. தூக்கம் கெட்டதே தீட்டிவிட்டிருந்தது.

இந்த லட்சணத்தில் ஒரு படக் கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. திருட்டுப் படம் போடுகிறவர்கள் இவள் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்களாம். இவளும் அதற்கு உடந்தையாம். கணவர் மருந்துக்கடைக்காரர், ஒரு தும்மலுக்கே நாலு மாத்திரை சொல்கிறவர். நோட்டீஸைப் படித்த கையோடு வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் வைத்தார்.

"வழக்குக்கும் தாழ்ப்பாளுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஜப்தி பண்ண வருவாங்கல்ல?"

"தாழ்ப்பாளைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்களாக்கும்!"

நல்ல வேளையாக, இந்த மாதிரி இலவச மென்பொருள்களைப் பராமரிக்கிற ஓர் அறக்கட்டளை கைகொடுக்க முன்வந்தது. எங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள், வழக்கும் புகாரும் இனி எங்கள் தலைவலி என்றது. ஒரே நிபந்தனை: அதில் ஒரு வரியாவது எழுதிய அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். சட்டப்படி அவரவர் எழுதியது அவரவர் சொத்து. ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். அந்த ஒருவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அக்காவும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. தம்பியின் கல்யாண வரவேற்பில், பெண் வீட்டார் காதுபட, "இவனுக்கு வேலை போன கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் அக்கா. அவளுக்கு அது தமாஷ். அன்றோடு சரி. ஆனால் வேடிக்கை என்னவென்றால், மென்பொருளில் நேரம் பார்த்து எழுத்தை ஓடவிடுகிற பகுதி தம்பி எழுதியது. அது மக்கர் செய்யும்போதெல்லாம் ஊரே பார்க்கிற புகார்ப் பக்கத்தில் அக்கா எழுதுவாள்: "மறுபடியும் வசனம் பிந்துகிறது. எழுதியவருக்குக் காது கேட்குமா?" பதில் வராது. மறுநாள் கோளாறு சரியாகியிருக்கும். கணினி வேலையை விட்டு லிஃப்ட் மெக்கானிக் ஆன பிறகும் அவன் இதைமட்டும் விடவில்லை.

தொழில்நுட்பச் செய்தித் தளம் ஒன்றுக்கு மூக்கில் வியர்த்தது. "ஒருவரின் மௌனத்தால் தொங்கும் மென்பொருள்" என்று போட்டுவிட்டது. இருவரையும் பார்த்தே இராதவர்கள் கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். அவன் பகுதியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால் போயிற்று என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யலாம், சட்டம் இடம் கொடுக்கும். அவளும் உட்கார்ந்து பார்த்தாள். அழிக்கக் கை வரவில்லை, புதிதாக எழுதத் தெம்பும் இல்லை. கடைசியில் தம்பி மனைவியிடம் விசாரித்துக்கொண்டு, அவன் வேலை செய்கிற கட்டடத்துக்கே போனாள்.

மேல் மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து போட்டு, உள்ளே தலையை விட்டிருந்தான்.

"லிஃப்ட் ஓடல, படியில போங்க," என்றான் திரும்பாமலே.

"படியேறித்தான்டா வந்தேன். மூட்டே கழண்டுபோச்சு."

தலை வெளியே வந்தது. முன்பக்கம் பாதி வழுக்கை. அதைப் பற்றி ஏதோ சொல்ல அவள் வாய் துறுதுறுத்தது, கஷ்டப்பட்டு மூடிக்கொண்டாள்.

"சம்மதம் கேட்டு மெயில் போட்டேனே, பாக்கலையா?"

"பாத்தேன். மதிப்பிற்குரிய ஐயான்னு இருந்துது."

"எல்லாருக்கும் ஒரே மெயில்டா."

"எல்லாரும் நானும் ஒண்ணா?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சண்டை போடத் தெம்பில்லடா. எனக்குத் தூக்கம் வேணும். அவ்வளவுதான்."

அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "கொடுத்துட்டா, வசனம் பிந்துச்சுன்னா யாரு புகார் எழுதுவாங்க, அக்கா?"

"அறக்கட்டளை ஆளுங்க எழுதுவாங்க. மரியாதையா எழுதுவாங்க."

"அதான் வேணாங்கறேன்."

அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஊரறியத் திட்டியதைத்தான் இவன் இத்தனை நாளும் பேச்சுவார்த்தை என்று வைத்துக்கொண்டிருந்தான். அவளிடம் மட்டும் வேறென்ன இருந்ததாம்?

"என் போன் நம்பர் மாறலடா."

"என்னுதும்தான்."

அவன் போனை எடுத்து, மெயிலைத் தேடி, சம்மதம் என்று தட்டினான். திரையெல்லாம் கிரீஸ்.

"போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவியா?"

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறதே.

"தெரியலடா. மொதல்ல தூங்கிக்கறேன்."

"சரி, தூங்கு," என்று அவன் மறுபடி தலையை உள்ளே விட்டான். "அந்தக் கோடிப் படியில இறங்கு. இது ஈரமா இருக்கு."

பஸ்ஸில் இடம் கிடைத்ததும் அவளுக்குக் கண் சொருகியது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.